கண்முன் நிற்கும் சான்று: ஜொகூர் ஆலயங்களும் இளங்கலைக் கலை வரலாற்று ஆய்வேடும்

முன்னுரை

இந்திய ஆய்வியல் பயிலும் மாணவர்கள் தம் இறுதியாண்டில் ஓர் ஆய்வேட்டினைப் படைத்தளிப்பது நெடுநாளைய வழக்கம். இலக்கியம், இலக்கணம், சமயம், சமூகம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட ஆய்வேடுகளை நாம் ஆண்டுதோறும் படித்து வருகின்றோம். கலை வரலாற்றைப் பொருளாகக் கொண்டு நம்மிடம் வருபவையோ மிகச் சிலவே. அச்சிலவற்றுள்ளும் பெரும்பாலானவை மாமல்லபுரத்துக் குடைவரைகளையோ, தஞ்சைப் பெருவுடையார் கோயிலையோ, சோழர் செப்புத் திருமேனிகளையோ பற்றியவை. இவற்றை எழுதும் மாணவர் பெரும்பாலும் அப்பொருள்களை நேரில் கண்டவர் அல்லர். பிறர் கண்டு எழுதியதைத் தொகுத்து எழுதுகின்றார். தாம் பிறந்தது முதல் வலம்வந்து வணங்கிய தம் ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அவருடைய எழுதுகோல் நின்றுவிடுகின்றது.

இக்கட்டுரை ஜொகூர் மாநிலத்தைக் களமாகக் கொண்டு, கலை வரலாற்று ஆய்வேடு கண்முன் நிற்கும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் கருத்தை நிறுவ முற்படுகின்றது. இது கற்பிக்கும் முறை பற்றிய கருத்து மட்டுமன்று. இந்நாட்டில் நம் ஆலயங்கள் ஓயாது புதுப்பிக்கப்படுகின்றன. இன்று நாம் காண்பது அடுத்த குடமுழுக்கிற்குப் பின் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே, இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவர் இன்று எழுதிவைக்கும் வருணனை நாளை அப்பொருளுக்கான ஒரே சான்றாக அமைந்துவிடக் கூடும்.

ஓர் ஆய்வேடும் நமது பிழையும்

இக்கருத்தை நாம் நூல்களிலிருந்து பெறவில்லை. அயல்நாட்டில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பி, பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நாம் செய்த பிழையொன்றே இதனைக் கற்பித்தது. குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்த மாணவி ஒருவர், தம் தோட்டத்துக் காளியம்மன் கோயிலை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விரும்பி நம்மிடம் வந்தார். அக்கோயிலின் உட்சுவர்களில் தகரத் தகடுகள் அறையப்பட்டிருந்தன. பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர், விளம்பரப் பலகை எழுதும் சாயங்களைக் கொண்டு, அத்தகடுகளில் அம்மனின் திருவுருவங்களைத் தீட்டியிருந்தாராம். மாணவி அவற்றை ஆர்வத்தோடு விவரித்தார். நாம் அவர் கூறியதை முழுமையாகக் கேட்கவில்லை. "இது கலை வரலாறு ஆகாது, சமூகவியலுக்கு வேண்டுமானால் பொருந்தும்" என்று கூறி, சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனிகளைப் பற்றி எழுதுமாறு பணித்தோம்.

மாணவி நூலகத்தில் ஓராண்டு உழைத்துச் செம்மையான ஆய்வேடொன்றை அளித்தார். உயர்ந்த புள்ளிகளும் பெற்றார். அவ்வேட்டில் பிழை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. ஆயினும் அதனை எழுத அவர்தாம் வேண்டும் என்பதும் இல்லை. உலகின் எந்த நல்ல நூலகத்திலும் அதனை எவரும் எழுதியிருக்கலாம். தகரத் தகடுகளைப் பற்றிய ஆய்வேட்டை எழுதக்கூடியவர் அவர் ஒருவரே. சில ஆண்டுகள் கழித்து நாம் அவ்வழியே சென்றபோது, தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியிருந்தது. கோயில் வேறொரு நிலத்தில் சிமெண்டுக் கட்டடமாக எழுந்திருந்தது. பழைய தகடுகளைப் பற்றி வினவியபோது, அவை துருப்பிடித்துவிட்டமையால் அகற்றப்பட்டன என்று அங்கிருந்தோர் கூறினர். அவர்கள் மீது குறை இல்லை. தெய்வத்திற்கு நல்ல இல்லம் அமைப்பதே அடியார்தம் கடமை. பழையதைப் பதிவு செய்து வைப்பது நம்மைப் போன்றோரின் கடமை. அக்கடமையில் தவறியவர் நாமே.

ஜொகூர்: களத்தின் வரலாற்றுப் பின்னணி

ஜொகூரில் தமிழர் ஆலயங்கள் தோன்றிய சூழலை ஈண்டுச் சுருங்கக் காண்போம். தெமெங்கோங் இபுராகிம் 1855இல் இஸ்கந்தர் புத்திரி எனும் பெயரில் நிறுவிய குடியிருப்பே 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் மாற்றம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாநிலத்தின் பொருளியல் பெரிதும் சீனர்தம் மிளகு, காம்பியர் பயிர்த்தொழிலைச் சார்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிர் பரவியபோதுதான் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் இங்குக் குடியேறினர். 1909இல் இரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வரவே, கங்காணி முறை ஓங்கியது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நீடித்தது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் 1923இல் சரக்கு வண்டிகளுக்குத் திறக்கப்பட்டு, 1924இல் முறைப்படி திறப்பு விழாக் கண்டது.

தோட்டந்தோறும் லயத்து வீடுகளுக்கருகே ஒரு சூலமோ, ஒரு கல்லோ, அத்தாப்புக் கூரையோ கோயிலின் தொடக்கமாயிற்று. பின்னர் அத்தாப்பு தகரமாயிற்று, தகரம் சிமெண்டாயிற்று. நகர்ப்புறத்தில், ஜொகூர் பாரு அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911ஆம் ஆண்டிலும், இரயில் பாதையை அடுத்துள்ள அருள்மிகு ஸ்ரீ இராஜகாளியம்மன் ஆலயம் 1922ஆம் ஆண்டிலும் தோற்றம் பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல தோட்டங்கள் இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. வேலை குறைந்ததால் குடும்பங்கள் நகரங்களை நாடின. 2006இல் தொடங்கப்பெற்ற இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சித் திட்டத்தைத் தொடர்ந்து தென் ஜொகூரின் நிலத்தோற்றமே மாறத் தொடங்கியது. கோயில்கள் இடம் பெயர்ந்தமைக்கும் உருமாறியமைக்கும் இவை பின்னணியாகும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். 1922இல் கோயிலும் 1923இல் கடற்பாலமும் அடுத்தடுத்து வருவதைக் கண்டவுடன், பாலப் பணியாளர்களே கோயிலை எழுப்பினர் என்று எழுதத் தோன்றும். ஆண்டுகள் அருகருகே நிற்பது காரண உறவைக் காட்டாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும். சான்று கிடைக்கும் வரை இரண்டையும் தனித்தனியே நிறுத்துவதே வரலாற்று நெறி.

முன்னோடிகள் மூவர்

கண்முன் உள்ளதிலிருந்து தொடங்குதல் புதிய முறையன்று. தென்னாசியக் கலை வரலாற்றின் முன்னோடிகள் சிலர் இவ்வழியே சென்றனர்.

புதுச்சேரியில் ஆசிரியராய்ப் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், தென்னிந்தியக் கட்டடக்கலையையும் உருவக்கலையையும் பற்றிய தம் முனைவர் பட்ட ஆய்வை 1914இல் வெளியிட்டார். அவர் சமஸ்கிருதச் சிற்ப நூல்களோடு நின்றுவிடவில்லை. அக்காலத்தில் கோயிற்பணி செய்துகொண்டிருந்த சிற்பிகளை அணுகி, ஒவ்வோர் உறுப்பிற்கும் அவர்கள் வழங்கிய பெயரைக் கேட்டறிந்தார். பின்னர், தூணின் மேல் அமரும் போதிகை காலந்தோறும் எவ்வாறு மாறுகின்றது என்பதை வரிசைப்படுத்தினார். பல்லவர் போதிகை வளைந்து, அலைபோன்ற வரிகளைக் கொண்டது. சோழர் போதிகை சரிவாக வெட்டப்பட்டு நடுவே முனை நீட்டியிருப்பது. விசயநகரக் காலத்ததோ மலர்மொட்டுத் தொங்கும் பூமுனைப் போதிகையாகியது. கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தையும் ஓர் உறுப்பினைக் கூர்ந்து நோக்கிக் கணிக்கலாம் என்பதை இவ்வாய்வு காட்டியது.

ஈழத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிமவள ஆய்வுப் பணிக்குத் தலைமையேற்றிருந்தவர். அறிவியல் பணிக்காக ஊர் ஊராகச் சென்றபோது, கைவினைஞர்தம் தொழில்கள் நலிந்து வருவதைக் கண்டார். அவர்களுடைய கருவிகளையும் செய்முறைகளையும் பதிந்து, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒரு பொருளைப் போலவே அதனைச் செய்யும் கையும் சான்றாகும் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

மூன்றாமவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவை உதிர்ந்த இடங்களில் அடியில் வேறொரு பூச்சு இருப்பதை 1931இல் அவர் கண்டுணர்ந்தார். சோழர் கால ஓவியங்கள் அவ்வாறே உலகறியப்பட்டன. மேற்பூச்சு கீழ்ப்பூச்சை மறைத்தது. அதுவே அதனைக் காத்தும் வைத்தது. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கை அழிக்காமல் பெயர்த்தெடுத்து, தனிப் பலகைகளில் பதித்துப் பாதுகாத்தனர். நம் நாட்டு ஆலயங்களில் சுதைச் சிற்பத்தின் மீது ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் சாயம் பூசப்படுகின்றது. உதிர்ந்த மூலையொன்றில் மூன்று, நான்கு அடுக்குகள் தெரிவதைக் கூர்ந்து பார்ப்போர் காணலாம். அம்மூலை ஒரு கோயிலின் நாட்குறிப்பு எனலாம். ஆயினும், சுதையையே உடைத்துப் புதிதாய்ச் செய்யும்போது அந்நாட்குறிப்பும் உடன் போய்விடுகின்றது.

எடுத்துக்காட்டு: கண்ணாடியாலான ஆலயம்

இனி, ஜொகூர் பாரு இராஜகாளியம்மன் ஆலயத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். எளிய வழிபாட்டிடமாகத் தொடங்கிய இவ்வாலயம், 2009ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற திருப்பணியின் வழி, சுவர், தூண், விதானம் யாவும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பெற்ற கோயிலாக மாறியது. கண்ணாடிக் கோயில் என்றே இன்று பயணிகள் இதனை அறிவர். இப்பணிக்கான எண்ணம் தாய்லாந்து ஆலயமொன்றைக் கண்டதால் பிறந்தது என்பது ஆலயத்தார் கூற்று.

இதனை ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொள்ளும் மாணவர் முதலில், "இஃது ஆகமத்திற்கு ஏற்றதா?" என்னும் வினாவிற்குத் தாவுவது வழக்கம். அவ்வினா சமயத்தாருக்குரியது. கலை வரலாற்று மாணவர் கேட்க வேண்டியவை வேறு. துண்டுகள் எவ்வடிவின? எந்நிறம் எவ்வுறுப்பில் மிகுந்துள்ளது? அதிட்டானம், தூண், போதிகை, கூரை ஆகிய மரபு உறுப்புகள் கண்ணாடிப் பரப்பின் கீழ் இன்னும் அடையாளம் காணத்தக்கனவா, அன்றி மறைந்தனவா? பகலொளியிலும் மின்னொளியிலும் கருவறை நோக்கிச் செல்லும் அடியாரின் பார்வை எவ்வாறு ஈர்க்கப்படுகின்றது?

அடுத்தது எண்ணிக்கை. கோயிலில் சுமார் 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளதாகச் சொல்லப்படுகின்றது. உள்ளே ஒரு சந்நிதியின் சுவர்களில் நேபாளத்திலிருந்து தருவித்த உருத்திராக்க மணிகளும் 300,000 எனவே கூறப்படுகின்றன. இரண்டிற்கும் ஒரே எண் வழங்குவதே மாணவரைச் சற்று நிறுத்த வேண்டும். ஐயுற்று மறுக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். வெவ்வேறு இடங்களில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் குறித்துத் துண்டுகளை எண்ணி, மொத்தப் பரப்பை அளந்து பெருக்கினால் ஏறத்தாழ ஒரு தொகை கிடைக்கும். ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது. ஆயினும், பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கும் தாமே அறிந்து சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அப்பிற்பகல் கற்பித்துவிடும்.

பின்னரே ஒப்பீடு. கண்ணாடி நம் மரபிற்கு அயலானது என்று எளிதில் கூறிவிடுகின்றோம். தமிழகக் கோயில்களில் கண்ணாடி அறைகள் உள்ளன. தஞ்சாவூர் ஓவியங்களில் கண்ணாடிக் கற்கள் பதிக்கப்படுகின்றன. வடலூரில் 1872இல் வள்ளலார் திறந்த சத்திய ஞான சபையில், ஏழு திரைகள் விலகக் கண்ணாடியின் வழி ஒளியைக் காண்பதே தரிசனம். கேரளத்தில் நாராயண குரு 1927இல் களவங்கோட்டில் தெய்வத் திருவுருவுக்கு மாற்றாகக் கண்ணாடியையே நிறுவினார். வடக்கே இலாகூர்க் கோட்டையில் ஷாஜகான் காலத்துக் கண்ணாடி மாளிகை உள்ளது. பாங்காக் மரகத புத்தர் ஆலயத்தின் புறச்சுவர்களில் கண்ணாடிப் பதிப்பு மின்னுகின்றது. இவற்றுள் சிலவற்றில் கண்ணாடி அணிகலன். சிலவற்றில் அதுவே வழிபடு பொருள். ஜொகூர்க் கோயிலில் அதன் பணி யாது? இவ்வொரு வினா ஓர் இளங்கலை ஆய்வேட்டிற்குப் போதுமானது. விடையும் மாணவரின் கண்ணிலும் காலிலுமே உள்ளது.

அதே நகரில் கோபுரத்தோடு விளங்கும் இராஜமாரியம்மன் தேவஸ்தானத்தை இதனோடு ஒப்பிட்டு எழுதுதல் இன்னும் சிறப்பு. கலை வரலாற்று வகுப்புகளில் இரு படங்களை அருகருகே காட்டிப் பயிற்றும் முறையைப் பரப்பியவர் சுவிட்சர்லாந்து அறிஞர் வெல்ஃப்லின். ஜொகூர் பாரு மாணவர்க்குப் படங்களும் தேவையில்லை. ஒரே காலையில் இரண்டையும் நேரில் காணலாம்.

ஆய்வேடு எழுதும் முறை

எர்வின் பனோஃப்ஸ்கி 1939இல் வெளியிட்ட நூலில், ஓர் உருவத்தை அறியும் நிலைகள் மூன்று என்றார்: கண்ணுக்குப் புலனாவது, மரபின் வழி அறியப்படும் பொருள், அக்காலத்து உலகநோக்கு. நம் மாணவர் பலர் மூன்றாம் நிலையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். ஆகவே நாம் இப்போது பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கச் செய்கின்றோம்.

முதலாவதாக, மாணவர் நூல் எதனையும் படிக்குமுன் தாம் தேர்ந்த பொருளின் முன் இரண்டு மணி நேரம் இருந்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். "அழகிய", "அற்புதமான" போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. உயரம், கைகளின் எண்ணிக்கை, ஏந்திய கருவி, ஆடையின் நிறம், சாயம் உதிர்ந்த இடம் ஆகியவற்றிற்கே இடமுண்டு.

இரண்டாவதாக, அளவுகோலுடனும் தேதியுடனும் புகைப்படம் எடுக்க வேண்டும். இன்று கைப்பேசி இல்லாத மாணவர் இல்லை. எனினும், தேதியும் இடமும் குறிக்கப்படாத ஆயிரம் படங்களை விட, அவை குறிக்கப்பட்ட பத்துப் படங்கள் மேலானவை. கருவறையைப் படமெடுக்க ஆலயத்தார் இசையாவிடின் அதனை மதித்து, கையால் வரைந்துகொள்ளலாம்.

மூன்றாவதாக, சான்றுகளைத் தேடும் இடங்களை அறிய வேண்டும். கும்பாபிஷேக மலர்கள், உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குப் பலகைகள், திருவிழா அழைப்பிதழ்கள், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவை நம் ஆவணங்கள். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன், 1935இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் முரசு ஆகிய நாளேடுகளையும் பார்க்க வேண்டும். தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் கிடைக்கின்றன.

நான்காவதாக, துப்ராய் போதிகையை வரிசைப்படுத்தியதைப் போல, நம் ஆலயங்களின் பொருள்களை வரிசைப்படுத்த முயல வேண்டும். தகரக் கூரை, சிமெண்டுச் சுதை, பீங்கான் ஓடு, துருப்பிடிக்கா எஃகுக் கைப்பிடி, கருங்கல் திருப்பணி என ஒவ்வொன்றும் ஒரு காலத்தையும் ஒரு பொருளாதார நிலையையும் சுட்டுவது. இவ்வரிசை ஓர் ஆய்வேட்டால் முடியாது. பத்து ஆய்வேடுகள் சேர்ந்தால் உருவாகும்.

ஐந்தாவதாக, செய்தவர்களைக் கேட்க வேண்டும். தமிழகத்திலிருந்து வரும் ஸ்தபதிகள் திருப்பணி முடிந்ததும் ஊர் திரும்பிவிடுகின்றனர். அவர்கள் சாரத்தின் மேல் நிற்கும் மாதங்களே நமக்குரிய காலம்.

இவ்வாறு திரளும் ஆய்வேடுகள் துறையின் நிலைப்பேழையில் உறங்கலாகாது. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கட்டடக்கலை மாணவர்கள் பழங்கட்டடங்களை அளந்து வரைந்த படங்கள் காலாம் எனும் ஆய்வு மையத்தில் பேணப்படுகின்றன. மாணவர்தம் பயிற்சி வேலையே நாட்டின் ஆவணமாகக் கூடும் என்பதற்கு ஜொகூர் மண்ணிலேயே இச்சான்று உள்ளது. நம் மாணவர்க்குத் தமிழும் வழிபாட்டு மரபும் தெரியும்; அளந்து வரையும் பயிற்சி குறைவு. இருசாராரும் இணைந்தால் இரு குறைகளும் நீங்கும்.

முடிவுரை

முன்னர்க் குறிப்பிட்ட மாணவி இன்று ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாம் நம் பிழையை ஒப்புக்கொண்டு எழுதியபோது, குறைகூறாமல் ஒரு புகைப்படத்தை அனுப்பி வைத்தார். தீமிதித் திருவிழாவன்று எடுத்த குடும்பப் படம் அது. பாட்டியாரின் தோளுக்குப் பின்னால் ஒரு தகரத் தகட்டின் கீழ்ப்பாதி தெரிகின்றது. அம்மனின் இரு பாதங்கள், பச்சைச் சேலையின் மஞ்சள் கரை, அரிவாள் ஏந்திய ஒரு கை ஆகியவை தெளிவாக உள்ளன. மேற்பாதி படத்திற்கு வெளியே போய்விட்டது. தீட்டியவரின் பெயரை ஆசிரியை அறியார், பாட்டியார் அறிந்திருந்தாராம். அவர் இன்று இல்லை.

நாம் அப்படத்தின் முன் இரண்டு மணி நேரம் இருந்து, கண்டதை மட்டும் எழுதினோம். பன்னிரண்டு வரிகள் வந்தன. புதிதாய் வரும் மாணவர்க்கு முதற்பயிற்சியாக அவற்றையே கொடுத்து வருகின்றோம். அத்தகடுகளைப் பற்றி நூறு பக்க ஆய்வேடொன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில், அப்பன்னிரண்டு வரிகளே இன்று உள்ளன.